நான் பாரமாகத்தான் இருப்பேன்

“யாருக்கும் பாரமில்லாமப் போய்ச் சேர்ந்துரணும்.” இந்த வாக்கியத்தைச் சொல்லாத வயதான பெண் ஒருத்தியை நான் இதுவரை சந்தித்ததில்லை. என் ஆச்சி சொன்னாள், அம்மா சொன்னாள், அத்தை சொன்னார். முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் என் தோழிகளும் சொல்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டில், அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கக் காத்திருக்கும் பெஞ்சில் என்று எங்கும் இதைக் கேட்கலாம். ஆண்கள் சாவைப் பற்றிப் பேசுவதில்லை என்றில்லை. நான் கேட்டவரை அவர்கள் சொல்வது, “கஷ்டப்படாமப் போயிரணும்.” பெண்கள் சொல்வது, “கஷ்டம் குடுக்காமப் போயிரணும்.” படுவதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் உள்ள இந்த வித்தியாசம்தான் என்னை இதை எழுத வைத்தது.

பாளையங்கோட்டையில் நாங்கள் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் வாசிக்கிறோம். ஒருநாள் பேச்சு எங்கெங்கோ போய், “எத்தனை வயசு வரைக்கும் இருக்க ஆசை?” என்ற கேள்வியில் வந்து நின்றது. பதினொரு பேர் இருந்தோம். “எழுபது போதும்”, “அவுக இருக்கிற வரைக்கும்”, “பிள்ளை கல்யாணத்தைப் பாத்துட்டாப் போதும்”, “கை கால் ஓடுற வரைக்கும்.” எண்பதைத் தாண்ட விரும்பியவர்கள் இரண்டே பேர். நூறு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. கை கால் ஓடுவது என்றால் என்ன என்று கேட்டேன். நம்ம துணியை நாமே துவைத்துக்கொள்ள வேண்டும், ஒரு வாய்க் கஞ்சியை நாமே வைத்துக்கொள்ள வேண்டும், கக்கூஸுக்குத் தானாகப் போய்வர வேண்டும். அதற்கு மேல் வாழ்வது அசிங்கம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

இதே அளவுகோலை என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வைத்துப் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற அதிகாரி. தொண்ணூறு வரை இருந்து கொள்ளுப்பேரனைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சந்தோஷமாகச் சொல்கிறவர். அவர் தன் துணியை ஒருநாளும் துவைத்ததில்லை. கஞ்சி வைத்ததில்லை. குளித்து முடித்தால் துண்டு எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும். என் தோழிகளின் கணக்குப்படி அவர் பிறந்த நாள் முதல் பாரம்தான். ஆனால் அந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவரும் தன்னைப் பற்றி அப்படி நினைத்ததில்லை. ஐம்பது வருடம் பிறரைச் சுமந்தவள், கடைசி ஐந்து வருடம் தன்னை யாராவது சுமக்க வேண்டி வருமோ என்று நடுங்குகிறாள்.

இந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது? நமக்கு இடும் வாழ்த்திலிருந்தே வருகிறது. “தீர்க்க சுமங்கலியா இரு” என்று வாழ்த்துகிறார்கள். நீண்ட ஆயுளை வாழ்த்துவதுபோலக் கேட்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களைவிட ஐந்தாறு வயது மூத்த ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். பெண்கள் சராசரியாக ஆண்களைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள். அப்படியிருக்க அவருக்கு முன்னால் பூவும் பொட்டுமாகப் போ என்றால், உன் ஆயுளில் பத்து வருடத்தைக் கழித்துக்கொள் என்றுதான் அர்த்தம். அந்த வாழ்த்து பலிப்பதில்லை என்பதை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. அறுபதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள். அதே வயது ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதாவது, நம் முதுமை பெரும்பாலும் தனி முதுமை. அந்தத் தனி முதுமைக்கு நம் பண்பாட்டில் ஒரு சடங்குகூடக் கிடையாது. மணிவிழா கணவனின் அறுபதுக்கு. எண்பதாம் கல்யாணம் கணவனின் எண்பதுக்கு. ஆயிரம் பிறை கண்டவர் என்று அவருக்குக் குடம் குடமாக நீர் ஊற்றுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவியும் பிறைகளைத்தான் பார்த்துவந்திருக்கிறாள். அவளுக்கே எண்பது ஆகும்போது அவர் பெரும்பாலும் இருப்பதில்லை, விழாவும் இருப்பதில்லை.

தமிழில் ஒரு பெண்ணுக்கு நீண்ட ஆயுள் கிடைத்த கதை என்றால் உடனே நினைவுக்கு வருவது ஔவைதான். அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவளுக்குக் கொடுத்தான். பள்ளியில் இதை அதியமானின் கொடைச் சிறப்பு என்று படித்தோம், தேர்வில் எழுதினோம். ஒரு பெண் நெடுநாள் வாழ்வது நாட்டுக்கு வேண்டியது என்று ஓர் ஆண் நினைத்தான் என்ற கோணத்தில் எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இன்னொரு ஔவைக் கதையும் உண்டு. கல்யாணத்திலிருந்து தப்பிக்க, இளமையை எடுத்துக்கொண்டு என்னைக் கிழவியாக்கு என்று பிள்ளையாரிடம் வேண்டி வாங்கினாள் என்பார்கள். ஊர் ஊராகத் தனியாக நடக்கவும், அரசனிடம் நிமிர்ந்து பேசவும் ஒரு பெண்ணுக்குக் கிழவி உடம்பு தேவைப்பட்டிருக்கிறது. முதுமையை விடுதலையாகக் கேட்டு வாங்கியவள் நம் மொழியிலேயே இருக்கிறாள். நாமோ அவளைப் பாட்டி வேடப் போட்டிக்கு வெள்ளைச் சேலையும் கம்புமாக மாற்றி வைத்திருக்கிறோம்.

படித்தவர்கள் மத்தியில் இப்போது இதே பழைய பாட்டுக்குப் புது மெட்டுப் போட்டிருக்கிறார்கள். ‘வாழ்க்கைத் தரம்’ என்ற பெயரில். 2014இல் எசெக்கியேல் இமானுவேல் என்ற அமெரிக்க மருத்துவர், தான் ஏன் 75 வயதில் இறந்துபோக விரும்புகிறார் என்று ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதினார். ஒபாமா ஆட்சியின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தில் பங்கு வகித்தவர், மருத்துவ அறம் பேசுபவர். எழுதும்போது அவருக்கு வயது 57. தற்கொலையையோ கருணைக் கொலையையோ அவர் ஆதரிக்கவில்லை. 75க்குப் பிறகு ஆயுளை நீட்டிக்கும் சிகிச்சைகளையும் பரிசோதனைகளையும் தவிர்த்துவிடுவேன் என்றார். அவர் சொன்ன முக்கியமான காரணம், அந்த வயதில் படைப்பூக்கமும் உற்பத்தித் திறனும் வடிந்துவிடுகின்றன என்பது. கூடவே, பிள்ளைகள் நம்மைத் தளர்ந்தவர்களாக நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது.

அவருடைய ஆயுள் அவருடைய விருப்பம். என் சண்டை அந்த அளவுகோலோடு. முப்பதில் தொடங்கி ஐம்பதில் உச்சிக்குப் போய் எழுபதில் இறங்கும் அந்தக் கோடு யாருடைய வாழ்க்கைக் கோடு? முப்பதில் பிள்ளை பெற்று, ஐம்பதில் மாமனாருக்கு மருந்து கொடுத்து, அறுபதில் பேரப்பிள்ளைக்குப் பால் ஆற்றி, அதற்குப் பிறகுதான் ஒரு பேனாவைக் கையில் எடுக்கிறவளுக்கு உச்சி எங்கே இருக்கிறது? எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ஒருவர் அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாகத் தனியாக ரயில் ஏறினார். அவருடைய எழுபத்தைந்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் பத்திரிகைகளும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன, பாராட்டு வடிவத்தில். கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாளை நாடே கொண்டாடியது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்தும் இயற்கை விவசாயம் செய்ததற்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இருவருமே வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் எண்பது வயதிலும் உழைக்கிறாள் என்பதைத் தவிர, ஒரு கிழவி செய்தியாவதற்கு நம்மிடம் வேறு காரணமே இல்லையே, ஏன்? எண்பது வயதில் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுக்கிற கிழவியைப் பற்றி யாரும் ‘முன்மாதிரிப் பாட்டி’ என்று எழுதுவதில்லை. எனக்கு அவள்தான் முன்மாதிரி.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிமோன் த பொவ்வார் 1970இல், தன் அறுபதுகளின் தொடக்கத்தில், முதுமையைப் பற்றித் தனியாக ஒரு பெரிய நூல் எழுதினார். நம் பெண்ணியக் கூட்டங்களில் ‘இரண்டாம் பாலின’த்தைப் பேசுமளவுக்கு அதைப் பேசிக் கேட்டதில்லை. உடல், வேட்கை, வன்முறை எல்லாம் பேசுகிறோம். அதில் வரும் உடம்புக்கு நாற்பது வயதைத் தாண்டுவதே இல்லை. வயதான பெண் நம் கதைகளில் வந்தால் கொடுமைக்கார மாமியாராக வருகிறாள், இல்லையென்றால் பழங்கதை சொல்லும் ஆச்சியாக வருகிறாள். அவளுக்கு மூத்திரம் அடக்க முடியவில்லை என்பது எங்கும் வருவதில்லை.

வாழ்க்கைத் தரம் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாலு பிள்ளை பெற்று, பெற்ற பதினைந்தாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்கியவளுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. இருபது, முப்பது வருடமாக அதோடு நடக்கிறாள். டாக்டரிடம் சொன்னதில்லை, புருஷனிடமும் சொன்னதில்லை. இருமினாலோ தும்மினாலோ சேலை நனைகிறது. அதனால் பஸ்ஸில் போவதை நிறுத்துகிறாள், பிறகு கல்யாணத்துக்குப் போவதை, பிறகு கோயிலுக்குப் போவதை. “வயசாயிட்டுல்லா, எங்கேயும் போகப் பிடிக்கல” என்று சொல்கிறாள். பிடிக்காமல் இல்லை. இது சிகிச்சை உள்ள கோளாறு. முட்டுவலிக்கும் கண்புரைக்கும்கூட வைத்தியம் உண்டு. கக்கூஸில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, தாழ்வான பீங்கானுக்குப் பதில் ஒரு கமோடு, ராத்திரியில் எரிய ஒரு சின்ன பல்பு. ஒரு பெண்ணின் கடைசிப் பத்து வருடத்தை மாற்ற இவ்வளவு போதும் என்ற நிலையில், ‘தரமில்லாத வாழ்க்கை எதற்கு’ என்ற தத்துவக் கேள்வியை முதலில் கொண்டு வருகிறார்கள்.

காசு? மத்திய அரசின் இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை உள்ளவர்களுக்கு டெல்லி தரும் பங்கு மாதம் 200 ரூபாய். பல ஆட்சிகளைப் பார்த்தும் அசையாமல் நின்ற எண் அது. எண்பதைத் தாண்டினால் 500. தமிழ்நாடு அரசு தன் பங்கையும் சேர்த்து 1000 ரூபாய் கொடுத்துவந்தது, 2023இல் அதை 1200 ஆக்கியது. நாளொன்றுக்கு நாற்பது ரூபாய். மற்ற மாநிலங்கள் சிலவற்றோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை என்பதுதான் வேதனை. வயல் வேலையிலும் பீடி சுற்றுவதிலும் தீப்பெட்டி ஒட்டுவதிலும் வாழ்நாள் முழுக்க உழைத்தவளுக்கு ஓய்வூதியம் என்பது உரிமையாக வருவதில்லை, ஏழை என்று நிரூபித்தால் வருகிற உதவித்தொகையாக வருகிறது. அந்தப் பணமும் பல வீடுகளில் பேரன் கைக்குப் போய்விடும். கேட்டால், “எனக்கு எதுக்கும்மா காசு?” என்பாள்.

தென்மாவட்டக்காரியான நான் தலைக்கூத்தலைப் பேசாமல் போக முடியாது. கிடையில் விழுந்த முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீர் கொடுத்து, ‘அனுப்பிவைக்கும்’ வழக்கம். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் தனக்கு நடக்கவிருந்ததைத் தெரிந்துகொண்டு தப்பி ஓடிய பிறகு அது பெரிய செய்தியானது. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ படம் அதைத்தான் பேசியது, தேசிய விருதும் பெற்றது. படத்தின் தலைப்பைக் கவனியுங்கள். இந்த வழக்கத்தை நியாயப்படுத்துகிறவர்கள் எப்போதும் சொல்லும் ஒரு வார்த்தை ‘சம்மதம்’. அவங்களே சம்மதிச்சாங்க. தட்டில் விழும் சோற்றை நாலு பேர் எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில், பெயரில் ஒரு செண்ட் நிலம்கூட இல்லாத ஒருத்தி கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன பெயர் வைப்பது? ஜப்பானில் ஷிச்சிரோ ஃபுகஸாவா 1956இல் எழுதிய நாரயாமா கதையில், எழுபது நெருங்கும் ஓரின் என்ற கிழவி தன் உறுதியான பற்களைத் தானே கல்லில் மோதி உடைத்துக்கொள்வாள். மலையில் கொண்டு விடப்பட வேண்டிய வயதில் இவ்வளவு நல்ல பல் இருப்பது அவளுக்கு வெட்கம். இந்தக் கதை எனக்கு அந்நியமாகப் படவில்லை. வெற்றிலையை இடித்துத் தரச்சொல்ல வெட்கப்பட்டு வெற்றிலையையே விட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

இனி, தப்பிக்க முடியாத கேள்விக்கு வருகிறேன். நான் பாரமாக இருப்பேன் என்று தைரியமாகச் சொல்கிறேனே, அந்தப் பாரத்தைத் தூக்கப்போவது யார்? இன்னொரு பெண். அதுதான் நடைமுறை. நானே தூக்கியிருக்கிறேன்.

2009இல் என் மாமாவுக்கு எண்பத்தொரு வயதில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் செலவு. அந்த வயதில் எதற்கு என்று வீட்டிலும் கேட்கவில்லை, மருத்துவமனையிலும் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் போய்விட்டார். 2011இல் எழுபத்தெட்டு வயது அத்தை அடுக்களையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஊர்ப் பெயரையும் மருத்துவமனைப் பெயரையும் விட்டுவிடுகிறேன். அங்கே இருந்த டாக்டர் என் கணவரையும் கொழுந்தனாரையும் வெளியே கூப்பிட்டு, “இந்த வயசுக்கு மேல ஆபரேஷன் எதுக்கு? ரிஸ்க்கு. வீட்டில வச்சுப் பாத்துக்கிடுங்க” என்றார். அத்தை உள்ளே முழு நினைவோடு படுத்திருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களை எழுப்பி நடக்கவைக்கப் பெரும்பாலும் வழி அறுவை சிகிச்சைதான், படுக்கவைப்பதில்தான் ஆபத்து அதிகம் என்பதைப் பிறகு வேறு ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டோம். அதற்குள் நாள் கடந்துவிட்டது. அத்தை ஆறு வருடம் படுக்கையில் இருந்தார்.

அந்த ஆறு வருடத்தில் நான் கல்லூரி வேலையை விட்டேன். விருப்ப ஓய்வு என்று அந்தப் படிவத்துக்குப் பெயர். இரண்டு மகன்கள் இருந்தார்கள், இருவரும் நல்லவர்கள், மாத்திரை வாங்கி வருவார்கள், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவார்கள். “அம்மாவை எப்படிப் பாக்கான் பாருங்க, தங்கமான பிள்ளை” என்று ஊர் சொல்லும். புரட்டிப் படுக்கவைப்பது, பெட்பேன் வைப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் நான். 2019இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்யும் பெண் அதில் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள் என்கிறது, ஆண் 97 நிமிடம். அந்தக் கணக்கெடுப்பு வருவதற்கு முன்னாலேயே என் இடுப்புக்கு அது தெரியும்.

அத்தையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இன்னொன்று. காலையில் எழுந்ததும், “என்னை எடுத்துக்கோ முருகா” என்பார். பதினொரு மணிக்கு மீன்காரியின் குரல் கேட்டால், “சாளையா நெத்திலியா, கேளு” என்பார். சாளை என்றால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தோம். தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அவர் வாழ விரும்பினார். ஆறாவது வருடத்திலும் விரும்பினார். ஆனால் மூன்றாவது வருடத்திலிருந்து சாயங்காலத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். ராத்திரி என்னை எழுப்ப வேண்டியிருக்குமே என்று. நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும், கேட்கமாட்டார். வாழும் ஆசையையும் பாரமாகிவிடுவோமோ என்ற பயத்தையும் ஒரே படுக்கையில் போட்டது இந்தக் குடும்ப அமைப்பு. அங்கே நான் ஒருத்தி இல்லாமல் நாலு பேர் முறைவைத்து இருந்திருந்தால் அவர் தண்ணீர் குடித்திருப்பார்.

முறைவைத்துப் பார்ப்பது நடக்காத காரியம் இல்லை. அருணா ஷான்பாக் வழக்கை மாணவிகள் கருணைக் கொலை வழக்கு என்று படித்திருப்பீர்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியரான அவர் 1973இல் தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்தார். 2015இல் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 வருடம், அதே மருத்துவமனையின் செவிலியர்கள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவரைப் போகவிடுங்கள் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். செவிலியர்கள் மறுத்தார்கள். 2011இல் நீதிமன்றம் செவிலியர்கள் பக்கம் நின்றது, அதே தீர்ப்பில் சில நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழியும் திறந்தது. எனக்கு இரண்டு பக்கத்தின் வலியும் புரிகிறது. ஆனால் அந்த வழக்கில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. அத்தனை வருடம் படுத்திருந்தவருக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருடத்தில் அத்தைக்கு மூன்று முறை வந்தது. நான் அன்பில் குறைந்தவள் இல்லை. அவர்களுக்கு ஷிப்ட் இருந்தது, சம்பளம் இருந்தது, பயிற்சி இருந்தது, தன் முறை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

பக்கத்துக் கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, நோய்த்தணிப்பு இயக்கம் இன்று உள்ளாட்சிகள் வழியாக வீட்டுக்கே செவிலியரை அனுப்பும் ஏற்பாடாக வளர்ந்திருக்கிறது. 2008இல் அதற்கென அரசுக் கொள்கையே வகுத்தார்கள். நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கு வந்து மாத்திரை தருகிறது, பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் வீடு வீடாக நடக்கும் பெண்களுக்கு வைத்த பெயர் ‘தன்னார்வலர்’. கொடுப்பது ஊதியம் இல்லை, ஊக்கத்தொகை. வசதியுள்ளவர்கள் ஏஜென்சியில் ‘ஹோம் நர்ஸ்’ எடுக்கிறார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் கூடவே இருக்கும் அந்தப் பெண்ணுக்கு வாரவிடுமுறைகூடப் பேச்சில் இல்லை. அவள் ஊரில் அவளுடைய அம்மா கிடையில் இருக்கலாம். மருமகள் தோளிலிருந்து இறக்கி அவளைவிட ஏழையான பெண்ணின் தோளில் வைப்பதை விடுதலை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதியோரைப் பார்ப்பது வேலை. எட்டு மணி நேர வேலை, சம்பளமுள்ள வேலை, ஆண்களும் செய்ய வேண்டிய வேலை.

2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளைப் பணம் கொடுக்கச் சொல்கிறது. மகன், மகள், பேரன், பேத்தி என்று பொறுப்பாளிகளை வரிசைப்படுத்துகிறது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய்வரை ஜீவனாம்சம் விதிக்கலாம். பெட்பேனை யார் வைப்பது என்று அந்தச் சட்டத்தில் இல்லை. இருந்தாலும் அதில் 23ஆம் பிரிவை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்துசெய்யக் கேட்கலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். அதைவிட நல்லது, எழுதியே கொடுக்காமல் இருப்பது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்த கணவனின் சொத்தில் விதவைக்குப் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. அந்தப் பங்கை வாங்கிய பெண்களைவிட, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பெண்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். “அம்மா, ஒரு ஃபார்மாலிட்டிதான்” என்று பேனாவை நீட்டுவார்கள். வாங்காதீர்கள்.

எனக்கு அறுபத்தொன்று. தொண்ணூறு வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், கிடைத்தால் அதற்கு மேலும். சாவைப் பற்றி எனக்கு விருப்பங்கள் இல்லாமல் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரம் எழுதிவைக்க அனுமதித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றது. எழுதிவிட்டேன். முதல் பக்கம் வக்கீல் சொன்னபடி: மீள வழியில்லை என்று மருத்துவர் குழு முடிவு செய்தால் வென்டிலேட்டர் வேண்டாம், வலிக்கு மருந்து வேண்டும், அது மார்பின் ஆனாலும் சரி. இரண்டாம் பக்கம் நோட்டரிக்குத் தேவையில்லாதது, பிள்ளைகளுக்காக எழுதியது. இடுப்பு எலும்பு முறிந்தால் எத்தனை வயதானாலும் ஆபரேஷன் பற்றி என்னிடம் கேட்க வேண்டும், வெளியே போய்ப் பேசக் கூடாது. மருமகள் என்னைக் காரணமாக வைத்து வேலையை விடக் கூடாது. என் ஓய்வூதியத்தில் ஆள் வைக்க வேண்டும், அந்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்கு மகன் முறை. கட்டிலை ஜன்னல் பக்கம் போட வேண்டும். ராத்திரி தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மகன் படித்துவிட்டு, “இதையெல்லாமா எழுதுவாங்க, நான் பாக்க மாட்டேனாம்மா?” என்று முகத்தைத் தூக்கினான். பார்ப்பாய், எப்படிப் பார்ப்பாய் என்று காட்டு என்றேன். அத்தையின் பெட்பேன் இன்னும் பரணில்தான் இருந்தது. எடுத்துக் கழுவி, என்னை ஒருக்களித்துப் புரட்டி அதை எப்படி வைப்பது என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவை தலைகீழாக வைத்தான். மருமகள் வாசலில் நின்று சிரித்தாள். இந்த வாரமும் வரச்சொல்லியிருக்கிறேன்.